ப்ளூடூத் பிரிண்டருக்காக ஆண்ட்ராய்டின் உள்மெத்தடை அழைக்கலாமா?

காரைக்குடிப் பலகாரக் கடையின் பில் ஆப்பில், தெர்மல் பிரிண்டருடன் இணைய ஆண்ட்ராய்டு வெளியே காட்டாத உள்மெத்தடான ‘கிரியேட்ஆர்எஃப்காம்சாக்கெட்’டை ரிஃப்ளெக்ஷன் மூலம் (ஆப் ஓடும்போது பெயரை வைத்துத் தேடிப் பிடித்து) அழைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம்.

செட்டிநாட்டு வீட்டில் வந்தவர்களுக்கு முகப்பு. உள்கட்டில் எதை இடித்துக் கட்டினாலும் வீட்டுக்காரர் நம்மிடம் சொல்ல வேண்டியதில்லை. ஆப் எழுதுவோருக்கென ஆவணப்படுத்தப்பட்ட எஸ்டிகே ஏபிஐதான் முகப்பு, உள்மெத்தடுகள் உள்கட்டு. 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் உள்கட்டுக்குப் பூட்டு உண்டு: தடைப்பட்டியலில் உள்ள மெத்தடைத் தேடினால், சோர்ஸ் கோடில் அது கண்ணெதிரே இருந்தாலும் ‘நோசச்மெத்தட்எக்செப்ஷன்’தான் வரும். இன்று ஓடுவது, டார்கெட் எஸ்டிகேயை (ஆப் குறிவைக்கும் ஆண்ட்ராய்டு பதிப்பை) உயர்த்திய பின் நின்றுபோகலாம். தீபாவளிக் கூட்டத்தில் பில் வராமல் நிற்பது கடைக்காரர்தான்.

எஸ்டிகேயிலேயே உள்ள ‘கிரியேட்ஆர்எஃப்காம்சாக்கெட்டூசர்வீஸ்ரெக்கார்ட்’ போதும், 00001101 என்று தொடங்கும் சீரியல் போர்ட் யுயுஐடியை (அந்தச் சேவையின் அடையாள எண்ணை) கொடுங்கள். கனெக்டுக்கு முன் ‘கேன்சல்டிஸ்கவரி’யை மறக்காதீர்கள். அருகிலுள்ள கருவிகளைத் தேடுவதை அது நிறுத்தும். தேடல் ஓடிக்கொண்டிருந்தால் இணைப்பு இழுக்கும், தோற்கவும் செய்யும். பலரும் உள்மெத்தடுக்குத் தாவுவது இந்த ஒரு வரி விடுபட்டதால்தான் என்பது என் கணிப்பு. ‘கனெக்ட்’ அழைப்பு, இணைப்பு முடியும்வரை திரும்பாமல் காத்திருக்கும். எனவே அதைப் பின்னணி த்ரெட்டில் வையுங்கள். ஆண்ட்ராய்டு 12இலிருந்து ப்ளூடூத் கனெக்ட், ஸ்கேன் இரண்டு அனுமதிகளையும் ஆப் ஓடும்போதே கேட்க வேண்டும்.

பிரிண்டர் கம்பெனி தரும் லைப்ரரியும் உள்ளுக்குள் இப்படி உள்மெத்தடை அழைத்துக்கொண்டிருக்கலாம். ஆண்ட்ராய்டின் சோதனைக் கருவியான ஸ்ட்ரிக்ட்மோடில், உள்மெத்தடு அழைப்பைக் கண்டுபிடிக்கும் ‘டிடெக்ட்நான்எஸ்டிகேஏபிஐயூசேஜ்’ஜைப் போட்டு ஒரு பில் அடித்துப் பாருங்கள், லாக்கேட்டில் (ஆண்ட்ராய்டின் பதிவுக் குறிப்பில்) தெரிந்துவிடும்.