போனில் வரும் சட்டத்தை நம்பிப் பொலிஸுக்குப் போகலாமா?

கேள்வி: என் மகன் புறக்கோட்டையில் ஒரு போன் கடையில் வேலை செய்கிறான். அவன் வாங்கி விற்ற பழைய போன் ஒன்று களவுப் பொருளாம். வாக்குமூலம் கொடுக்க வரச்சொல்லிப் பொலிஸிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். இவன் யூடியூப்பைப் பார்த்துவிட்டு, "வாயே திறக்கத் தேவையில்லை அம்மா, என் உரிமையை அவங்க வாசிக்காட்டி கேஸே நிக்காது" என்கிறான். என் தம்பி, சட்டத்தரணியோடு போனால்தான் சந்தேகம் வரும், தனியாகப் போகட்டும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
- ஒரு தாய், கொட்டாஞ்சேனை

பதில்: அம்மா, இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம்.

மகன் பார்த்தது அமெரிக்கச் சட்டம். "நீங்கள் மௌனமாக இருக்கலாம், சொல்வதெல்லாம் உங்களுக்கு எதிராகப் பயன்படலாம்" என்று பொலிஸார் சொல்லும் வழக்கம், மிராண்டா என்பவரின் வழக்கில் 1966இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பால் வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் அங்கேகூட வழக்கு விழுந்துவிடாது, தடுத்துவைத்து விசாரித்தபோது பிடிபட்டவர் சொன்னதைச் சாட்சியமாக்குவதில்தான் சிக்கல் வரும். அதோடு, சும்மா பேசாமல் இருந்தால் மட்டும் போதாது, மௌனமாக இருக்கும் உரிமையைக் கோருகிறேன் என்று வாய்விட்டே சொல்ல வேண்டும் என்று 2010இல் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டு நிமிட வீடியோவில் இதெல்லாம் எங்கே வரப்போகிறது?

இங்கே இலங்கையில் நமக்கு இருப்பது வேறு. கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், நீதிபதி முன் கொண்டுபோக வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை. 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை அதற்கு 24 மணித்தியால எல்லை வைத்திருக்கிறது, பயண நேரம் நீங்கலாக. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தால் இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடும், நம் சனங்களுக்கு அதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொரு வகை வீடியோவும் சுற்றுகிறது, பொலிஸிடம் என்ன சொன்னாலும் கோர்ட்டில் செல்லாது, ஆகவே பயப்படாமல் பேசுங்கள் என்று. இது முன்னதைவிட ஆபத்தானது, ஏனென்றால் இதில் பாதி உண்மை. பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை ஒருவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொல்வது சரிதான். ஆனால் அவர் சொன்னதை வைத்து ஒரு பொருளைக் கண்டெடுத்தால், அந்தளவு பகுதி 27ஆம் பிரிவின்படி சாட்சியமாகும். பின்னால் நீதிமன்றத்தில் மாற்றிச் சொன்னால், அன்றைக்கு இப்படிச் சொன்னீர்களே என்று அதே வாக்குமூலத்தை எடுத்துக் கேட்பார்கள். பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்குகளில் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலே சாட்சியமாகலாம்.

உங்கள் மகனுடைய விஷயத்தையே பாருங்கள். "மலிவாக் கிடைச்சுது, வாங்கினேன்" என்று அவன் வெள்ளந்தியாகச் சொல்வான். எழுதுகிறவர் அதை எழுதிக்கொள்வார். ஆறு மாதம் கழித்து அந்த வரியை வாசிக்கிறவருக்கு, களவுப் பொருள் என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தும் வாங்கினான் என்று படலாம். யாரிடம், எப்போது, என்ன விலைக்கு வாங்கினான், பில் இருக்கிறதா, ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் ஐஎம்இஐ இலக்கத்தைக் குறித்து வைத்தானா என்பதை முதலில் ஒரு சட்டத்தரணியோடு உட்கார்ந்து பேசட்டும், பிறகு அவரோடேயே போகட்டும். சந்தேகம் வரும் என்று தம்பி பயப்படத் தேவையில்லை. சட்டத்தரணி தன் கட்சிக்காரருக்காகப் பொலிஸ் நிலையம் வரலாம், அவரை மரியாதையாக நடத்த வேண்டும் என்று 2012இல் வர்த்தமானியில் விதிகளே வந்திருக்கின்றன. கூப்பிட்டதற்குப் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதினால், தமிழில் வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லிக் கேட்டு, பிழை இருந்தால் திருத்தச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து. "எல்லாம் சரி தம்பி, இதில போடுங்க" என்று அவசரப்படுத்துவார்கள். அவசரப்பட வேண்டாம்.

காசு கஷ்டம் என்றால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக உதவுகிறார்கள்.

கேள்வி: பெண்களை இரவில் கைது செய்யவே முடியாதாமே, ஒரு வக்கீல் தமிழில் விளக்கமாகச் சொன்னார்?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: தமிழில் சொன்னார், ஆனால் இந்தியச் சட்டத்தைச் சொன்னார். சூரியன் மறைந்த பிறகு பெண்ணைக் கைது செய்யக்கூடாது என்ற விதி அங்கே இருக்கிறது, அதற்கும் நீதவானின் முன் அனுமதியோடு விலக்கு உண்டு. நம் சட்டக்கோவையில் அப்படியொரு தடை இல்லை. ஒரு பெண்ணை உடற்சோதனை செய்வதானால் இன்னொரு பெண்தான் செய்ய வேண்டும் என்பது இங்கே உண்டு, அதை விட்டுக்கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டு வக்கீல்கள் நன்றாகத்தான் பேசுகிறார்கள், ஆனால் 2024 ஜூலை 1ஆம் திகதியிலிருந்து அவர்களுடைய நடைமுறைச் சட்டமே புதிதாகிவிட்டது, பழைய வீடியோக்களில் வரும் பிரிவு இலக்கங்கள் அவர்களுக்கே இப்போது பொருந்தாது.

கேள்வி: தம்பியைப் பொலிஸில் அடித்துவிட்டார்கள். ஆறுதலாக வழக்குப் போடலாம், மூன்று வருடம் டைம் இருக்கிறது என்று ஒருவர் வட்ஸ்அப்பில் குரல் பதிவு போட்டிருக்கிறார். சரியா?
- வாசகர், மருதானை

பதில்: அடிப்படை உரிமை மீறலுக்கு அந்தக் கணக்குச் சரிவராது. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996. அதற்கு முன்னால், இன்றைக்கே தம்பியை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய், யார் அடித்தது என்பதை டொக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். காயம் ஆறிய பிறகு எந்தச் சட்டத்தரணி வந்தாலும் கையில் காட்ட ஏதாவது வேண்டும்.