டாக்டருக்கு வாக்குரிமை இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொடரைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தபின், பதினான்கு வயதாகும் என் மகளுடன் சேர்ந்து 2005-இல் அது மீண்டும் தொடங்கிய இடத்திலிருந்து வரிசையாகப் பார்த்து வருகிறேன். அவளுக்கு அந்தத் தொடர் என்றால் உயிர். எனக்கோ, சில அத்தியாயங்களில் கதை எங்கே முடிகிறது, பிரச்சாரம் எங்கே தொடங்குகிறது என்றே விளங்கவில்லை. சிறுவர்கள் பார்க்கும் ஓர் அறிவியல் புனைவுத் தொடருக்கு இவ்வளவு அரசியல் தேவைதானா? காலத்திலும் விண்வெளியிலும் உலாவும் வேற்றுக்கோள் நாயகனான டாக்டர் இன்று லண்டனில் குடியிருந்தால் யாருக்கு வாக்களிப்பார் என்று மகள் கேட்கிறாள். நீங்கள் யாருக்கு வாக்களித்து வருகிறீர்கள் என்று நான் கேட்கிறேன். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் எனக்கும் இங்கே பிரிட்டனில் வாக்குரிமை உண்டு என்கிறார்கள். பதிவு செய்துகொள்ளவில்லை, செய்துதான் என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம்.

கே., ஹாரோ

அன்புள்ள கே.,

அரசியல் இந்தத் தொடருக்குள் 2005-இல் புதிதாக நுழைந்ததல்ல. 1963 நவம்பர் 23 அன்று தொடர் தொடங்கி ஒரு மாதத்துக்குள் டேலெக்குகள் வந்துவிட்டன. தம்மைப் போலல்லாத உயிர்கள் அனைத்தையும் அழிப்பதே கடமை என்று நம்பும் அந்த இனத்தை நாஜிகளை மனத்தில் வைத்தே எழுத்தாளர் டெர்ரி நேஷன் உருவாக்கினார், பார்த்த பெரியவர்களுக்கும் அது புரியாமலில்லை. 1973-இல் வேல்ஸ் நாட்டுச் சுரங்க ஊர் ஒன்றில் வேதிக் கழிவைக் கொட்டும் நிறுவனத்தைப் பற்றிய கதை வந்தது. 1988-இல் துயரப்படுவதையே குற்றமாக்கி ஆளும் ஹெலன் ஏ என்ற பெண்மணி வந்தார். அவர் மார்கரெட் தாட்சரின் நிழல் என்பதை அப்போது டாக்டராக நடித்த சில்வெஸ்டர் மெக்காய் பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். தொடரின் முதல் கதையை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன் என்பதையும், தயாரித்தவர் வெரிட்டி லாம்பர்ட் என்ற இளம்பெண் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் ‘பழைய டாக்டர் ஹூவில் இதெல்லாம் இல்லை’ என்று இப்போது குறைப்பட்டுக்கொள்பவர்கள் பலருக்கு அன்றைய பிபிசியில் அப்படி இருவர் ஒரு நாடகத்தை நடத்தியது எவ்வளவு அரிது என்பது தெரிவதில்லை.

ஆனால் உங்கள் எரிச்சலில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது. 2020-இல் வந்த ‘ஆர்ஃபன் 55’ அத்தியாயத்தின் இறுதியில், பாழாய்ப்போன கோளம் பூமிதான் என்று தெரிந்த பிறகு, டாக்டர் தன் தோழர்களை நிற்கவைத்துப் பருவநிலை பற்றிப் பாடம் நடத்துவார். சொல்லப்படும் கருத்தோடு எனக்கு எந்தப் பிணக்கும் இல்லை. அதைக் கதை ஏற்கெனவே காட்டிவிட்ட பிறகு மறுபடியும் வாயால் சொல்வதுதான் பிழை. தொடரில் அரசியல் இருப்பதை அல்ல, எழுத்தாளர் தன் கதையின் மீது நம்பிக்கை இழப்பதையே நீங்கள் பிரச்சாரம் என்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

1989-இல் நின்றுபோய், இடையில் 1996-இல் ஒரேயொரு தொலைக்காட்சிப் படமாக மட்டும் தலைகாட்டிய தொடரை, எழுத்தாளர் ரஸல் டி டேவிஸ் 2005 மார்ச் 26 அன்று கார்டிஃபிலிருந்து மீண்டும் எழுப்பினார். கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன் டாக்டராக நடித்த அந்த ஒரே சீசன்தான் இன்றும் எனக்கு மிகப் பிடித்தது. போரில் தன் இனமே அழிந்து தான் மட்டும் எஞ்சிவிட்ட ஒருவன், அதைச் சொல்லாமலேயே சிரித்துக்கொண்டு திரிவதை அவர் நடித்ததைப் போல அவருக்குப் பின் வந்த எவரும் நடிக்கவில்லை என்பது என் துணிபு. அடுத்த டாக்டரான டேவிட் டெனன்டின் ரசிகர்கள் இதற்காக என்னை ஏசுவார்கள், ஏசட்டும்.

அந்தச் சீசனில் ஏப்ரல் 16, 23 ஆகிய இரண்டு சனிக்கிழமைகளில் ஒளிபரப்பான கதையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வேற்றுக்கோளினர் மனிதத் தோலைப் போர்த்திக்கொண்டு, பிரதமர் இல்லம் இருக்கும் டவுனிங் தெருவுக்குள் புகுந்து, நாற்பத்தைந்து விநாடிகளில் ஏவக்கூடிய பேரழிவு ஆயுதங்கள் வானில் இருப்பதாகப் பொய் சொல்லி, அணு ஆயுதத்துக்கான அனுமதியை ஐ.நா.விடமிருந்து பெற முயல்கிறார்கள். 2002-இல் டோனி பிளேர் அரசு வெளியிட்ட ஈராக் ஆயுதங்கள் பற்றிய ஆவணத்தில் இதே கூற்று நாற்பத்தைந்து நிமிடங்கள் என்று இருந்ததை அன்று அறியாதவர் இங்கே யாருமில்லை. பொதுத்தேர்தல் மே 5 அன்று நடந்தது. தேர்தலுக்குப் பன்னிரண்டு நாள் முன்பு, அரசின் பணத்தில் அல்ல, மக்களின் உரிமக் கட்டணத்தில் நடக்கும் ஒரு தொலைக்காட்சி, குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கும் நேரத்தில் இதை ஒளிபரப்பியது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான். அங்கதம் என்ற அளவில் அது அவ்வளவு கூர்மையானதல்ல. வயிற்று வாயு நகைச்சுவை பாதி நேரத்தைத் தின்றுவிடுகிறது. ஆனால் அந்தக் கதைதான், பின்வரிசை எம்.பி.யாக அறிமுகமாகி அடையாள அட்டையை எல்லோரிடமும் நீட்டிக்கொண்டிருக்கும் ஹாரியட் ஜோன்ஸ் என்ற அம்மையாரைத் தந்தது. மூன்று முறை தொடர்ந்து பிரதமராகி நாட்டின் பொற்காலத்தை உருவாக்கப்போகிறவர் இவர் என்று டாக்டரே வருங்காலத்தை நினைவுகூர்ந்து சொல்கிறார்.

அவரை வீழ்த்துவதும் டாக்டர்தான். 2005 கிறிஸ்துமஸ் அன்று வந்த அத்தியாயத்தில், தோற்றுப் பின்வாங்கிச் செல்லும் வேற்றுக்கோள் கப்பலைப் பிரதமர் ஜோன்ஸ் சுட்டுப் பொசுக்க உத்தரவிடுகிறார். ஃபாக்லாந்து போரில், 1982 மே 2 அன்று, தடைசெய்யப்பட்ட வளையத்துக்கு வெளியே இருந்த அர்ஜென்டினாவின் ‘பெல்கிரானோ’ போர்க்கப்பல் பிரிட்டனால் மூழ்கடிக்கப்பட்டு 323 பேர் மாண்டதை அறிந்த எவருக்கும் அந்தக் காட்சி வேறெதையும் நினைவூட்டாது. டாக்டரின் கோபம் நியாயமானது. அவர் அதற்குக் கொடுக்கும் தண்டனைதான் எனக்கு ஒப்பவில்லை. பிரதமரின் உதவியாளரின் காதருகே குனிந்து, அந்த அம்மா களைத்துப்போனவராகத் தெரியவில்லையா என்று ஒரு சொட்டு நஞ்சை விட்டுவிட்டுப் போய்விடுகிறார். அந்த ஒரு முணுமுணுப்பில் மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சி சரிந்துவிடுகிறது. உத்தரவுக்காக நாடாளுமன்றத்தில் பதில் சொல்லவைத்தோ அடுத்த தேர்தலில் மக்கள் முன் நிறுத்தியோ அல்ல, உடல்நலத்தைப் பற்றிய வதந்தியால், அதுவும் பதவியிலிருக்கும் ஆண்கள்மீது எடுபடாத வகை வதந்தியால்.

அந்த வெற்றிடத்தில் வந்து அமர்பவன், டாக்டரின் பழைய எதிரியான மாஸ்டர், ஹாரல்ட் சாக்ஸன் என்ற பெயரில். கைப்பேசிகளை இணைக்கும் செயற்கைக்கோள்கள் வழியே ஒரு முரசொலியை மக்களின் மனத்துக்குள் செலுத்தி அவன் வெல்கிறான். டாக்டரின் தோழி மார்த்தாவே அவனுக்கு வாக்களிக்கத்தான் நினைத்திருந்தாள். ஏன் என்று கேட்டால் அவனுடைய ஒரு கொள்கையைக்கூட அவளால் சொல்ல முடிவதில்லை. அந்த அத்தியாயம் 2007 ஜூன் 23 அன்று வந்தது. நான்கு நாள் கழித்து, பொதுத்தேர்தல் எதுவும் நடக்காமலேயே, பிளேர் இறங்கி கார்டன் பிரவுன் பிரதமரானார். கொள்கை தெரியாமல் பிடித்துப்போய் வாக்களிக்கும் அந்த மார்த்தாவைப் பார்த்து நான் நெளிந்தேன், ஆனால் கதை அவளை மன்னித்துவிடுகிறது, ஏனென்றால் அவள்மேல் மந்திர முரசு இருந்தது. நம்மேல் இல்லை.

டேவிஸ் பிறகு தொடருக்குத் திரும்பிவந்து எழுதிய ‘73 யார்ட்ஸ்’, பிரதமர் ரிஷி சுனக் தேர்தலை அறிவித்த மூன்றாம் நாள், 2024 மே 25 அன்று ஒளிபரப்பானது. அணு ஆயுதத்தை வீசத் துடிக்கும் ரோஜர் அப் குவில்லியம் என்பவன் வருங்காலத்தில் பிரதமராகிவிடுகிறான். ரூபி என்ற பெண், தன்னை எப்போதும் எழுபத்து மூன்று கஜம் தள்ளிப் பின்தொடரும் ஓர் அமானுட உருவத்தை அவன் எதிரே வரும்படி நின்றுகொண்டு, அவனைக் கதிகலங்கி ஓடவைத்துப் பதவி விலகச் செய்கிறாள். அண்மைக் காலத்தில் தொடரில் வந்தவற்றில் மிகச் சிறந்த ஒரு மணிநேரத்துக்குள் இதைச் சேர்ப்பேன். ஆயினும் பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின்னும் வழிமுறை மாறவில்லை என்பதைக் கவனியுங்கள்: நல்ல பிரதமரை நீக்கவும் முணுமுணுப்பு, கெட்ட பிரதமரை நீக்கவும் முணுமுணுப்பு. இந்தத் தொடர் ஆட்சியாளர்களை நம்புவதில்லை என்பது அதன் அழகு. வாக்காளர்களையும் நம்புவதில்லை என்பதே அதனோடு எனக்குள்ள தீராத வழக்கு.

இதற்கு விலக்காக எனக்குத் தெரிவது, ஸ்டீவன் மோஃபட் எழுதி 2010 ஏப்ரல் 10 அன்று வந்த ‘தி பீஸ்ட் பிலோ’. அதற்கு நான்கு நாள் முன்புதான் பிரவுன் மே 6 தேர்தலை அறிவித்திருந்தார். சூரியத் தீயிலிருந்து தப்பிய பிரிட்டன் முழுவதும் ஒரே விண்கப்பலாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர்கள் தனிக் கப்பல் கேட்டு வாங்கிப் போய்விட்டார்களாம். பதினாறு வயது நிறைந்த ஒவ்வொரு குடிமகனும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒரு சாவடிக்குள் சென்று, கப்பலைப் பற்றிய உண்மையைக் காட்டும் படத்தைப் பார்க்கவேண்டும். பிறகு இரண்டு பொத்தான்கள்: ஒன்றை அழுத்தினால் பார்த்ததெல்லாம் மறந்துபோகும், மற்றதை அழுத்தினால் எதிர்ப்பு பதிவாகும். நூற்றுக்கு ஒருவர் எதிர்த்தாலும் திட்டம் நிறுத்தப்படும் என்று உறுதிமொழி வேறு. ஆனால் எல்லோரும் மறப்பதையே தேர்கிறார்கள், ஏனென்றால் கப்பலைச் சுமந்து செல்வது சித்திரவதைக்குள்ளாகும் ஓர் உயிர் என்பதை அறிந்துகொண்டு அதன் முதுகில் வாழ்வது கடினம். டாக்டருடன் வந்த ஏமியும் மறதிப் பொத்தானைத்தான் அழுத்துகிறாள். அரசியே அப்படித்தான், பலமுறை. ஏமாற்றப்பட்ட மக்கள், கெட்ட அரசு என்ற வசதியான பிரிவினை அங்கே கிடையாது. ஒவ்வொருவரும் தெரிந்தே செய்து, செய்ததையும் மறந்தவர்கள்.

உங்கள் மகளின் கேள்விக்கான விடையும் அந்தச் சாவடியிலேயே இருக்கிறது. டாக்டர் உள்ளே போய் நின்றால் படம் ஓடாது. அந்தக் கணினி அவரை மனிதனாகவே ஏற்பதில்லை. அவருக்கு வாக்கு கிடையாது. பிறகு எதிர்ப்புப் பொத்தானை அவர் ஓங்கி அடிப்பது உண்மைதான், ஆனால் அது வாக்கல்ல, ரகளை. விளைவோடு ஐந்தாண்டு அந்தக் கப்பலில் இருக்கவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. கதவு திறந்தால் அவருடைய காலக்கலமான டார்டிஸ். அதனால்தான் அவர் எவ்வளவு அறிவாளியானாலும் வாக்களிப்பதில் அவரைப் பின்பற்ற முடியாது என்கிறேன். மோஃபட்டின் முடிவு எனக்கு அவ்வளவு உவப்பானதல்ல என்பதையும் சொல்லவேண்டும். அந்த விண்திமிங்கிலம் குழந்தைகளின் அழுகை பொறுக்காமல் தானாகவே சுமக்க வந்தது என்று தெரியவந்து, சித்திரவதையை நிறுத்தியதும் கப்பல் இன்னும் விரைவாகப் போகிறது. யாரும் எதையும் இழக்கவேண்டியதில்லை. எதிர்ப்புக்கு விலை இருந்திருந்தால் அந்தக் கதை இன்னும் உயர்ந்திருக்கும்.

இனி என் வாக்கு. 2005-இல் இந்தியக் குடிமகனாகவே லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு வாக்களித்தேன். ஈராக் போரை எதிர்த்த பெரிய கட்சி அது ஒன்றுதான், நான் அந்த ஒரு காரணத்துக்காக மட்டுமே போட்டேன். 2010-இலும் அவர்களுக்கே. கல்லூரிக் கட்டணத்தை உயர்த்தமாட்டோம் என்று கையெழுத்திட்டவர்கள் கூட்டணியில் அமர்ந்ததும் ஆண்டுக்கு 9,000 பவுண்டு வரை உயர்த்த வழிவிட்டார்கள். 2015-இல் அக்கட்சி 57 இடங்களிலிருந்து எட்டுக்குச் சரிந்ததில் என் வாக்கின் விலகலும் உண்டு. மறதிப் பொத்தானை எல்லோரும் எப்போதும் அழுத்திவிடுவதில்லை. அன்று முதல் தொழிலாளர் கட்சி, 2024 உட்பட. நான் வாக்களித்த கட்சி வென்றும், 33.7 சதவீத வாக்குக்கு 650-இல் 411 இடங்கள் என்பதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இந்தியாவிலிருந்து வந்த நமக்கு இந்தக் கணக்கு புதிதுமல்ல. வாக்கு எண்ணும் முறையை மாற்றலாமா என்று 2011-இல் பொதுவாக்கெடுப்பில் கேட்டபோது ஆம் என்றேன். 68 சதவீதத்தினர் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஒரு தொடரை விரும்புவதால் இந்த முடிவுகளில் எதுவும் வரவில்லை. டேவிஸின் சாய்வும் என் சாய்வும் பல இடங்களில் ஒன்றுதான், ஆனால் என்னோடு சேர்ந்து அந்தத் தொடரை வாரந்தோறும் பார்த்த நண்பர் கன்சர்வேடிவ் கட்சிக்காக வீடுவீடாகத் துண்டறிக்கை கொடுப்பவர். ஹாரியட் ஜோன்ஸ் சுட்டது சரியே என்பது அவர் கட்சி.

‘செய்துதான் என்ன ஆகப்போகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்நாட்டில் தங்க அனுமதி பெற்ற காமன்வெல்த் குடிமகன் என்ற முறையில் நாடாளுமன்றத் தேர்தல் உட்பட எல்லாவற்றிலும் வாக்களிக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது; அடுத்த வீட்டில் முப்பது ஆண்டாகக் குடியிருக்கும் ஒரு பிரெஞ்சுக்காரருக்கு, பிரிட்டிஷ் குடியுரிமை பெறாதவரை, அது கிடையாது. பேரரசு விட்டுச்சென்ற விநோதமான பாக்கி அது, வைத்துக்கொண்டு வீணாக்குவானேன்? வயது வரம்பை 16 ஆகக் குறைக்கப்போவதாக அரசு 2025 ஜூலையில் அறிவித்திருப்பதால், உங்கள் மகளும் விரைவில் உங்களோடு சாவடிக்கு வரக்கூடும். கிறிஸ்துமஸ் அத்தியாயத்தை அவளுக்கு மறுபடியும் போட்டுக் காட்டி, டாக்டர் செய்தது முறையா என்று கேளுங்கள். அவள் சொல்வதை எனக்கு எழுதுங்கள். பதிவு இணையத்திலேயே சில நிமிட வேலை, தேசியக் காப்பீட்டு எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். வாக்குச்சாவடியில் இப்போது புகைப்பட அடையாளம் கேட்பார்கள், அதற்கு உங்கள் இந்தியக் கடவுச்சீட்டே போதும்.