பதில்: லைன் இன்சார்ஜ் ஆனதுல இருந்து நிம்மதி இல்லை

வணக்கமுங்க. பனியன் கம்பெனியில டெய்லரா இருந்து, ஒரு தையல் வரிசையையே பார்த்துக்கற லைன் இன்சார்ஜ் ஆகி நாலு மாசம், செக்கிங் முடிஞ்ச பீஸையும் ராத்திரி வரைக்கும் நீங்களே மறுபடி பார்க்கறதா எழுதியிருந்தீங்க. "எனக்குத் தகுதியில்ல, ஒரு நாள் தெரிஞ்சுரும்"ங்கற வரியைப் படிச்சதும் மனசு கனத்துப் போச்சு. திருப்பூர்ல நானும் அப்படித்தான் இருந்தேன், இஞ்ச் டேப் கழுத்தை விட்டு இறங்காது.

இதுக்குப் பேரே இருக்குங்க. 1978-ல பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ்னு ரெண்டு உளவியலாளர்கள் இதை 'இம்போஸ்டர்' மனநிலைன்னு எழுதினாங்க, அதாவது தகுதியில்லாம எல்லாரையும் ஏமாத்திட்டிருக்கோம்னு தோணறது. நல்லா சாதிச்ச பெண்கள்கிட்டத்தான் அதை முதல்ல கண்டாங்க. பயம் இருக்கறதாலயே திறமை இல்லைன்னு ஆயிராதுங்க.

எனக்குப் பிடிபட்டது ஒரு பாக்கெட் நோட்டுல. கை தானா பீஸை எடுக்கப் போற நிமிசம் மனசு சொன்னதை அப்படியே எழுதினேன். "செக்கிங் அக்கா விட்டிருப்பாங்க." பக்கத்துலயே, நெசமா எத்தனை பீஸ் தப்புன்னும் குறிச்சேன். ரெண்டு வாரம் கழிச்சுப் பார்த்தா அதே வரிதான் பக்கம் பக்கமா. தப்பு பீஸ் ரொம்பக் கம்மி. என்னோட சந்தேகத்தால அந்த அக்கா ஊசி ஓட்டையைக்கூட எங்கிட்டச் சொல்லப் பயந்திருக்காங்க. அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சுது.

நாளைக்கு ஒரே ஒரு பண்டலை மட்டும் தொடாம விட்டுப் பாருங்க. தூக்கமே வரலீன்னா கூச்சப்படாம டாக்டரையும் பாருங்க.