பிறந்த தேதிக்கு விழுந்த கோலி – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வியட்நாம் போர் பற்றிய உங்கள் கட்டுரையில் ஆஸ்திரேலியர்களுக்கு ஒரே ஒரு வரிதான் கிடைத்திருந்தது. நான் மெல்போர்னில் வசிக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் அந்தப் போருக்குப் போய் வந்தவர். ஒவ்வொரு ஏப்ரல் 25 அன்றும், போர்வீரர்களை நினைவுகூரும் அன்சாக் தினத்துக்கு ஊரே திரளும்போது, அவர் மட்டும் வீட்டில் புல் வெட்டிக்கொண்டிருப்பார். போர் எதிர்ப்பாளர்கள் செய்த அவமானத்தால்தான் அந்தத் தலைமுறை ஒதுங்கிப்போனது என்று இங்கே சொல்கிறார்கள். உண்மையா? இன்னொன்று. அமெரிக்கா கொடுத்த காசுக்குப் போனவர்கள் மேல் எதற்கு இரக்கம் என்று என் மகன் கேட்கிறான். என்ன பதில் சொல்வது?

க., மெல்போர்ன்

அன்புள்ள க.,

அந்தக் கட்டுரை ஹனோய் தரப்பை, அதாவது வடவியட்நாமைப் பற்றியது, அதனால்தான் ஒரு வரி. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மனதில் என்ன இருக்கிறதென்று நான் எப்படிச் சொல்ல? அவருக்குப் புல் வெட்டப் பிடித்திருக்கலாம். ஆனால் அவர் 'நாஷோ'வாக இருந்தால், அதாவது கட்டாய ராணுவ சேவைக்கு எடுக்கப்பட்டவராக இருந்தால், கதையை ஒரு உருளையிலிருந்து தொடங்க வேண்டும்.

1964 நவம்பரில் பிரதமர் மென்ஸீஸின் அரசு கட்டாய சேவையைக் கொண்டுவந்தது. 20 வயது ஆண்கள் எல்லோரும் பதிவு செய்ய வேண்டும். ஆனால் ராணுவத்துக்கு அத்தனை பேர் தேவையில்லை. எனவே குலுக்கல். அரையாண்டின் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு எண், எண்ணுக்கொரு மரக்கோலி. லாட்டரி உருளையைச் சுற்றிக் கோலிகளை எடுப்பார்கள். விழுந்த எண்ணுக்குரிய தேதியில் பிறந்தவர்களுக்குக் கடிதம் போகும். நள்ளிரவுக்குச் சற்று முன் பிறந்தவன் பயிற்சி முகாமுக்கு, சற்றுப் பின் பிறந்தவன் வழக்கம்போல் வங்கி வேலைக்கு. 1972 வரை 8 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் பதிவு செய்தார்கள், 63,000க்கும் மேல் படைக்கு எடுக்கப்பட்டார்கள். வியட்நாம் போனவர்கள் 15,000க்கும் அதிகம். அவர்களில் சுமார் 200 பேர் திரும்பவில்லை.

போய்ச் சேர்ந்த இடம் சைகோனுக்குத் தென்கிழக்கே உள்ள புவோக் துய் மாகாணம். நூயி தாத் என்ற ரப்பர் தோட்டக் குன்றைச் சுற்றித்தான் 1966 முதல் ஆஸ்திரேலியர்களின் தளம். சினிமாவில் நாம் பார்த்த வியட்நாம் ஹெலிகாப்டரும் இரைச்சலுமானது. ஆஸ்திரேலியக் காலாட்படையின் போர் பெரும்பாலும் சத்தமே இல்லாதது. முன்பு மலேயா காடுகளில் கெரில்லாக்களோடு போரிட்டுக் கற்ற பாடம் அது. வாரக்கணக்கில் ரோந்து, பேச்சு முழுக்கக் கைச்சாடையில். புதரை வெட்ட அரிவாள் கிடையாது, வெட்டும் சத்தம் கேட்டுவிடும். ரோஜாச் செடிக்குக் கவாத்து செய்கிற கத்தரியை வைத்துக்கொண்டு கொடியைக் கொடியாக நறுக்கி வழி எடுப்பார்கள். உணவு டப்பாக்கள் பையில் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க அவற்றைக் காலுறைக்குள் திணித்துக்கொள்வார்கள். சோப்பு வாசனை காட்டிக்கொடுக்கும் என்பதால் குளியலும் இல்லை. 1966 ஆகஸ்ட் 18 அன்று லாங் தானில், கொட்டும் மழையில், 108 பேர் கொண்ட ஒரு கம்பெனி தன்னைவிடப் பல மடங்கு பெரிய படையை எதிர்கொண்டது. அந்தச் சண்டையில் 18 ஆஸ்திரேலியர்கள் உயிரிழந்தார்கள். எல்லா நூல்களும் அதைச் சொல்கின்றன. அதனால் நான் கண்ணிவெடிக்குப் போகிறேன்.

1967இல் ஆஸ்திரேலியப் படைத்தளபதி பிரிகேடியர் கிரஹாம், கிராமங்களையும் கெரில்லாக்களையும் பிரிக்க, தாத் தோ என்ற ஊரிலிருந்து கடல் பக்கமாகச் சுமார் 11 கிலோமீட்டருக்கு ஒரு கண்ணிவெடி வேலி போட்டார். 20,000க்கும் அதிகமான எம்-16 கண்ணிகள். காவல் இல்லாத கண்ணி வயல் எதிரிக்கு ஆயுதக் கிடங்கு என்று எந்த சார்ஜென்ட்டும் சொல்லியிருப்பார். காவல் காக்க வேண்டிய தென்வியட்நாம் படை சரிவரக் காக்கவில்லை. கெரில்லாக்கள் உயிரைக் கொடுத்துத் தோண்டப் பழகினார்கள், எடுத்ததை ஆஸ்திரேலியர்கள் நடக்கும் பாதையில் புதைத்தார்கள். மிதித்தால் இடுப்புயரம் எழும்பி வெடிக்கும் வகை அது. வெடித்த நொடியில் மற்ற அத்தனை பேரும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். அலறுகிறவன் நேற்றிரவு உன்னோடு தேநீரைப் பகிர்ந்துகொண்டவன்தான். ஆனால் அவனிடம் ஓடக்கூடாது. பயோனெட்டால் மண்ணை அங்குலம் அங்குலமாகக் குத்திப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். அந்தச் சில அடிகளுக்கு நெடுநேரம் ஆகும். குத்திப் பார்க்கிறவனுக்கு வயது இருபது, இருபத்தொன்று. அந்தக் கண்ணி தன் நாட்டுப் படையே வைத்தது என்பதும் அவனுக்குத் தெரியும்.

இப்போது அவமானம் பற்றி. 1966 ஜூனில், வியட்நாமிலிருந்து திரும்பிய முதல் பட்டாலியன் சிட்னியில் அணிவகுத்தபோது, உடலெங்கும் சிவப்புச் சாயம் பூசிய ஒரு பெண் ஓடிவந்து கமாண்டரின் சீருடையில் சாயத்தை அப்பினார். அந்தக் காட்சி நிலைத்துவிட்டது. அன்று தெருவின் இருபுறமும் நின்று கைதட்டிய லட்சக்கணக்கானவர்கள் நினைவிலிருந்து போய்விட்டார்கள். அதன் பிறகும் பல பட்டாலியன்களுக்கு வரவேற்பு அணிவகுப்பு நடந்தது. வசவு நடக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் முக்கியக் காயம் அதுவல்ல என்பது என் எண்ணம்.

பட்டாலியனோடு 'சிட்னி' கப்பலில் திரும்பியவர்களுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் கடல் பயணம் இருந்தது. கூட இருந்தவனோடு பேசலாம், அழலாம், குடிக்கலாம். நாஷோக்கள் பலருக்கு அதுகூட வாய்க்கவில்லை. அவனுடைய இரண்டு வருடம் முடிகிற தேதி அவனுக்கு மட்டும்தான். அந்தத் தேதி நெருங்கியதும் காட்டிலிருந்து அவனைத் தனியே எடுப்பார்கள். பிறகு ஒரு குவான்டாஸ் விமானம், அடுத்து அம்மாவின் சமையலறை. எல்லாம் ஓரிரு நாளில் முடிந்துவிடும். அவனுடைய செக்‌ஷன் இன்னும் அங்கே ரோந்தில் இருக்கும். முதல் உலகப்போர் முடிந்து கப்பலுக்காக மாதக்கணக்கில் காத்திருந்த பழைய அன்சாக்குகள் அந்தத் தாமதத்தைத் திட்டித் தீர்த்தார்கள். இவர்களுக்கு அந்தத் தாமதம் தேவைப்பட்டது. போதாக்குறைக்கு, சில ஊர்களின் முன்னாள் படைவீரர் கிளப்பில் மூத்தவர்கள், "அதெல்லாம் ஒரு போரா?" என்றார்கள். எதிர்ப்பாளன் திட்டினால் தாங்கிக்கொள்ளலாம், அவன் வேறு கட்சி. இது சொந்தக்காரன் வாயிலிருந்து வருவது.

இரவில் அலறி எழுவதற்கு மருத்துவம் இன்று வழங்கும் பெயரை, அதாவது பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்த நோய்) என்பதை, அமெரிக்க மனநலக் கையேடு 1980இல்தான் சேர்த்தது. 1982இல் அரசு இவர்களுக்கென்று ஆலோசனை மையங்களைத் தொடங்கியது, மனைவி மக்களும் அங்கே போகலாம். 1987 அக்டோபர் 3 அன்று சிட்னியில் சுமார் 25,000 பேர் வரவேற்பு அணிவகுப்பில் நடந்தார்கள். அதுவரை எந்த அணிவகுப்புக்கும் போகாதவர்கள் அதில் நிறைய. காட்டை அழிக்கத் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்ச் ரசாயனம் பற்றிய விசாரணையும் ஓய்வூதியச் சண்டையும் தனிக் கட்டுரைக்கு உரியவை.

உங்கள் மகனுக்கு: தென்கொரியா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து படைகளின் செலவுக்கு அமெரிக்கா பணம் கொடுத்தது. ஆஸ்திரேலியா தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டது. கான்பெராவுக்கு வேண்டியிருந்தது காசல்ல, நாளை ஆபத்து வந்தால் வாஷிங்டன் பக்கத்தில் நிற்கும் என்ற உறுதி. அந்தக் கணக்கு சரியா தவறா என்று இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். தவறு என்பதே என் கட்சி. ஆனால் அந்தக் கணக்கைப் போட்டவன் சிப்பாய் அல்ல. 1966 தேர்தல் வியட்நாமை வைத்தே நடந்தது, அரசு பெரும் பலத்தோடு திரும்பி வந்தது. வாக்களித்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்தக் குலுக்கலில் வேலை இல்லை. குலுக்கலில் பெயர் இருந்தவனுக்கோ, கோலி உருளும்போது ஓட்டு கிடையாது, அன்று வாக்குரிமை வயது 21. 1972 டிசம்பரில் தொழிற்கட்சியின் விட்லம் பிரதமராக வந்ததும் கட்டாய சேவை நின்றது. வாக்குரிமை வயதை 18 ஆகக் குறைத்தது அதற்கு அடுத்த வருடம்.