காட் பூட்டா, விரல் பூட்டா? வன்னிக் கடைக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கங்களில் கடை, ஆலை, டியூசன் வகுப்பு நடத்துகிறவர்கள் இலத்திரனியல் கதவுப் பூட்டுப் பற்றிக் கேட்டவை இவை. பூட்டும் கமராவும் பொருத்துகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். எந்தக் கம்பனியின் பொருளையும் விற்கிற நோக்கம் இல்லை.

கிளிநொச்சி, பாமசி: அண்ணா, கடையில் நாலு பேர் வேலை செய்கிறோம். மருந்து இருப்பு வைக்கும் உள்ளறைக்கு மட்டும் பூட்டு வேண்டும். காட், விரல், முகம், இதில் எது மலிவு?

தம்பி, காட்டா விரலா என்பதைக் கடைசியில் பார்க்கலாம். கரண்ட் போனால் அந்தக் கதவு திறந்து கிடக்க வேண்டுமா, பூட்டிக் கிடக்க வேண்டுமா? இதை முதலில் முடிவு செய்யுங்கள். பூட்டின் வகை, பற்றரியின் அளவு, செலவு எல்லாம் அதைப் பொறுத்துத்தான்.

காந்தப் பூட்டு என்பது கதவிலுள்ள இரும்புத் தட்டை மின்காந்தத்தால் இழுத்துப் பிடிப்பது. அதற்குக் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் கதவு விட்டுவிடும். எலெக்ட்ரிக் ஸ்ட்ரைக் என்பது வேறு. கதவுப் பூட்டின் நாக்கு போய் விழுகிற இடத்தில், நிலையில் பதிப்பது. அதில் கரண்ட் போனாலும் பூட்டியே இருக்கிற வகை ஒன்று உண்டு. திறக்கிற நொடியில் மட்டும் கரண்ட் எடுக்கும். உள்ளே இருப்பவர் கைபிடியைத் திருப்பி வெளியே வரலாம், வெளியே இருப்பவர் திறப்பால் திறக்கலாம். மருந்தறைக்கு இதுதான். கரண்ட் போனால் திறந்துவிடுகிற ஸ்ட்ரைக்கும் விற்கிறார்கள், பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். வாங்கும்போது வாய்விட்டுக் கேளுங்கள்.

நாலு பேருக்கு, அழுத்துகிற இரகசிய இலக்கமும் காட்டும் இரண்டும் ஏற்கிற தனிக் கருவி ஒன்று போதும். கொம்பியூட்டர், மென்பொருள் எதுவும் வேண்டாம்.

வவுனியா, நகை அடகுக்கடை: காந்தப் பூட்டு 280 கிலோ இழுவை தாங்கும் என்கிறார்கள். இரவில் அதை நம்பிப் போகலாமா?

வேண்டாம் ஐயா. பூட்டும் இரும்புத் தட்டும் முழுதாக ஒட்டி, நேராக இழுக்கும்போது உள்ள கணக்கு அது. நம் பக்கத்தில் மீற்றரும் மெயின் சுவிச்சும் பல கடைகளில் வெளிச்சுவரிலேயே இருக்கின்றன. ஒருவன் மெயினை இறக்கிவிட்டுப் பற்றரி தீரும்வரை காத்திருந்தால் கதவு தானாக விட்டுவிடும். இரவுக்கு ஷட்டரும் ஆமைப்பூட்டும்தான். காந்தப் பூட்டு பகலில் ஆட்கள் வந்துபோவதைக் கட்டுப்படுத்துவதற்கு.

புதுக்குடியிருப்பு, கணக்கு அலுவலகம்: பற்றரி எவ்வளவு நேரம் நிற்கும்? கடைக்காரர் "ஒரு நாள் முழுக்க" என்றார்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள் தங்கச்சி. 280 கிலோ காந்தப் பூட்டு 12 வோல்ட்டில் ஏறத்தாழ அரை அம்பியர் எடுக்கும். காட் கருவியையும் சேர்த்தால் 0.6 அம்பியர் என்று வையுங்கள். வழக்கமாகக் கொடுப்பது 7 அம்பியர்-மணி பற்றரி. ஏழை 0.6 ஆல் பிரித்தால் காகிதத்தில் பதினொன்றரை மணித்தியாலம் வரும். ஆனால் பற்றரியை அடிவரை உறிஞ்ச முடியாது, பழசாகப் பழசாகக் கொள்ளளவும் குறையும். நான் ஏழெட்டு மணித்தியாலம் என்றுதான் சொல்வேன். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததே, அந்த மாதிரி நாளில் பற்றரி தாங்காமல் கதவு திறந்துவிடலாம்.

அதே பற்றரியை மேலே சொன்ன ஸ்ட்ரைக்குக்குக் கொடுத்தால் கருவிக்கு மட்டும்தான் தொடர்ந்து கரண்ட் போகும். இரண்டு நாள் வரை தாக்குப்பிடிக்கும். பெரிய பற்றரிக்குக் காசு கொடுப்பதை விடப் பூட்டை மாற்றுவது புத்தி.

இன்னொன்று. ஈய-அமிலப் பற்றரியின் ஆயுளை 25 பாகை வெப்பத்துக்குத்தான் கணக்கிடுவார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். தகரக் கூரைக்கு அடியில், சீலிங்குக்கு மேலே பற்றரிப் பெட்டியை ஒளித்து வைக்கிறார்கள். சித்திரை வெயிலில் அது அங்கே அவிந்துபோகும். எட்டுகிற உயரத்தில், நிழல் சுவரில் வையுங்கள். வெள்ளம் ஏறுகிற இடமென்றால் நிலத்தோடு ஒட்டியும் வேண்டாம். 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் தண்ணீர் வந்த உயரம் அந்த ஊர்க்காரருக்குத் தெரியும்.

பரந்தன், அரிசி ஆலை: விரல் கருவி போட்டோம். பாதிப் பேரின் விரலை எடுக்குதில்லை. கருவி பழுதா?

அக்கா, அநேகமாகக் கருவியில் பிழை இருக்காது. மூட்டை தூக்குகிறவர், சீமெந்தில் வேலை செய்கிறவர், வயல்காரர், இவர்களின் விரல் ரேகை தேய்ந்திருக்கும். தவிட்டுத் தூசி கண்ணாடியை மூடினால் இன்னும் மோசம். ஒவ்வொருவருக்கும் இரண்டு கையிலும் சேர்த்து மூன்று விரலைப் பதியுங்கள். ஆள்காட்டி விரல் சரிவராவிட்டால் மோதிர விரலைப் பாருங்கள், அது அவ்வளவு தேய்வதில்லை. அப்படியும் எடுக்காதவருக்குக் காட் கொடுங்கள், பெரும்பாலான விரல் கருவிகள் காட்டையும் வாசிக்கும். ஆலை, மீன் வாடி, ஹாட்வெயார் கடை என்றால் தொடக்கத்திலேயே காட் கருவி வாங்குவதுதான் என் விருப்பம்.

முள்ளியவளை, டியூசன் வகுப்பு: மலிவான காட்டை நகல் எடுக்கலாமாமே?

ஓம், எடுக்கலாம். மலிவான 125 கிலோஹேர்ட்ஸ் காட் தன் இலக்கத்தை எந்தக் கருவி கேட்டாலும் சொல்லிவிடும். நகல் எடுக்கிற கருவியும் மலிவு. 13.56 மெகாஹேர்ட்ஸில் மைஃபெயார் கிளாசிக் என்றொரு வகை உண்டு, அதன் மறையாக்கமும் (தரவை இரகசியக் குறியீடாக மாற்றுகிற முறை) 2008 லேயே உடைபட்டுவிட்டது. டெஸ்ஃபயர் வகை உறுதியானது, ஆனால் விலை கூட.

இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. டெஸ்ஃபயர் காட்டை வாங்கிக் கொடுத்துவிட்டு, அதன் தொடர் இலக்கத்தை மட்டும் வாசிக்கிற கருவியைப் பொருத்தினால் கொடுத்த காசு வீண். கருவி காட்டின் மறையாக்கத்தைச் சரிபார்க்கிறதா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் மலிவான காட்டையே வாங்குங்கள்.

உங்கள் வகுப்புக்கு, பிள்ளைகளின் வரவுக்குத்தானே? மலிவானதே போதும். காசுப் பெட்டி அறைக்கு மட்டும் காட்டோடு இரகசிய இலக்கமும் கேட்கும்படி வையுங்கள்.

மாங்குளம், தொலைபேசிக் கடை: கதவு பூட்டுப்பட்ட மாதிரி இருக்கும், தோளால் தள்ளினால் திறக்குது. புதுப் பூட்டு.

இரண்டு காரணம் இருக்கலாம். முதலாவது வயர். நெட்வேர்க் கேபிள் மிச்சம் கிடந்தால் அதிலேயே பூட்டுக்கும் கரண்ட் இழுத்துவிடுவார்கள். அதன் கம்பி மிக மெல்லியது. 20 மீற்றர் தூரமென்றால் போய்வர 40 மீற்றர், தடை 3 ஓமுக்கு மேல். அரை அம்பியர் ஓடினால் ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். பூட்டுக்குக் கிடைப்பது பத்துச் சொச்சம், காந்தத்தின் பிடி அதைவிட வேகமாகக் குறையும். ஒரு சதுர மில்லிமீற்றர் வயர் போடுங்கள், அல்லது மின்வழங்கியைக் கதவுக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள்.

இரண்டாவது, கதவிலுள்ள இரும்புத் தட்டு. நடுவில் ரப்பர் வாசர் வைத்து, சற்று ஆடும்படி விட வேண்டும். அப்போதுதான் கதவு கொஞ்சம் சரிந்தாலும் தட்டு தானாகத் திரும்பிக் காந்தத்தில் முழுதாக ஒட்டும். "ஆடுதே" என்று இறுக்கி முறுக்கிவிட்டால் ஒரு மூலை மட்டும்தான் பிடிக்கும். இந்தப் பிழையைத்தான் நான் அடிக்கடி காண்கிறேன்.

வவுனியா, அச்சகம்: வெளியில் இருக்கும் கருவியைப் பிடுங்கி இரண்டு வயரை முட்டவைத்தால் கதவு திறக்கும் என்கிறான் நண்பன். உண்மையா?

உண்மை. பூட்டைத் திறக்கிற ரிலே (கரண்டால் இயங்குகிற சுவிச்சு) வெளிக் கருவிக்குள்ளேயே இருந்தால் அப்படிச் செய்யலாம். வெளியே வாசிப்பான் மட்டும், கதவைத் திறக்கச் சொல்கிற பெட்டி உள்ளே என்று பிரித்துப் போட வேண்டும். வீதியைப் பார்த்த கதவுக்கு இந்த மேலதிகச் செலவு நியாயமானது. உள்ளறைக் கதவுக்குத் தேவையில்லை.

மல்லாவி, விவசாய மருந்துக் கடை: போனில் திறக்கிற பூட்டு எப்படி?

ஒற்றைக் கதவுக்கு, வயர் இழுக்க வசதியில்லாத இடத்துக்கு நல்லது. நாலு சின்னப் பற்றரியில் ஓடும், மின்வெட்டு பாதிக்காது. வேலை செய்ய இணையம் கட்டாயம் என்கிற பூட்டையும், மாதக் கட்டணம் கேட்கிற பூட்டையும் வாங்காதீர்கள். சாதாரணத் திறப்புத் துளை கட்டாயம் இருக்க வேண்டும். திறப்பைக் கடைக்குள் வைத்துப் பூட்டாமல் வீட்டில் வையுங்கள், சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் நடக்கிறது.

மன்னார், தையல் நிலையம்: வேலைப் பிள்ளைகளின் விரலடையாளத்தை எடுப்பது சட்டப்படி சரியா?

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஆளுக்குரிய தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஆளை அடையாளம் காணும் உடல்சார் தரவை விசேட வகையில் சேர்த்திருக்கிறது. அதனால் எதற்கு எடுக்கிறோம் என்று சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். விலகிப் போகிறவரின் பதிவை அன்றே அழியுங்கள். வரவுக்கு மட்டுமென்றால் காட் வைத்தாலே இந்தத் தலையிடி இல்லை.

ஒட்டுசுட்டான், கூட்டுறவுக் கடை: கருவியைப் பொருத்தியவர் வெளிநாடு போய்விட்டார். புது ஆளைச் சேர்க்கத் தெரியவில்லை.

ஆட்களைச் சேர்க்கவும் நீக்கவும் அழுத்துகிற நிர்வாக இலக்கம் அவரிடம்தானே இருந்தது? பெரும்பாலான தனிக் கருவிகளில் மூடியைக் கழற்றினால் உள்ளே மீளமைப்புப் பொத்தானோ, குறுக்கிணைக்கிற இரண்டு ஊசியோ இருக்கும். மாதிரி இலக்கத்தைப் பார்த்துக் கையேட்டைத் தேடுங்கள். தொழிற்சாலை இலக்கத்துக்குத் திரும்பியதும் உடனே மாற்றிவிடுங்கள், அந்த இலக்கம் கையேட்டிலேயே அச்சாகியிருக்கும். சில கருவிகளில் பழைய காட்டுகளும் அழிந்துவிடும், எல்லோரையும் ஒரே நாளில் கூப்பிட்டு மறுபடி பதியுங்கள். புது இலக்கத்தை உறையில் போட்டு ஒட்டித் தலைவரிடம் ஒன்று, பொருளாளரிடம் ஒன்று கொடுங்கள்.