அறக்கட்டளைகள் கூட்டாகப் பணம் போட்டால் வட்டாரம் மீளுமா?

அமெரிக்க நகரங்களில் நொடித்துப்போன வட்டாரங்களை மீட்க அறக்கட்டளைகளும் வங்கிகளும் கைகோப்பது பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: பெரிய அறக்கட்டளை ஒன்றே தனியாகச் செய்துவிடக் கூடாதா?

வீடு மட்டும் கட்டினால் போதாது. பள்ளி, கடை, பஸ், வேலை எல்லாம் சேர்ந்து நகர வேண்டும்; ஒவ்வொன்றுக்கும் பணம் தருபவர் வேறு. அப்புறம் வங்கிகளின் பயம் ஒன்று இருக்கிறது. 1930-களில் அரசு வரைபடங்களிலேயே கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பில் தீட்டி, கடன் கொடுக்க ஆபத்தானவை என்று ஒதுக்கினார்கள். வங்கிகள் அப்படி ஒதுக்குவதைத் தடுக்க 1977-இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. நட்டம் வந்தால் முதல் அடி எனக்கு என்று ஒரு அறக்கட்டளை முன்னால் நின்றால்தான் வங்கி பின்னால் வரும்.

கேள்வி: டெட்ராய்ட்டில் நடந்தது இதுதானே?

பாதி சரி. 2013-இல் நகரம் திவால் மனு போட்டது. ஃபோர்டு, கிரெஸ்கி முதலிய அறக்கட்டளைகள் மட்டும் சுமார் 36.6 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. மாநில அரசும் கலை அருங்காட்சியகமும் சேர்ந்துகொண்டன. நகர ஊழியர்களின் ஓய்வூதிய வெட்டு குறைந்தது, அருங்காட்சியகத்தின் ஓவியங்கள் கடனுக்காக ஏலத்துக்குப் போகாமல் தப்பின. ஆனால் அது கடன்காரர்களிடமிருந்து நகரத்தை மீட்ட கதை. தெருவை மீட்பது வேறு வேலை.

கேள்வி: இப்படிப்பட்ட வட்டாரங்களில் குடியிருப்பவர்கள் பேச்சுக்கு மதிப்பு உண்டா?

பாஸ்டனின் ராக்ஸ்பரியில், டட்லி தெருவைச் சுற்றி நடந்ததைச் சொல்கிறேன். தீவைப்புகளுக்குப் பிறகு 1,300-க்கும் மேற்பட்ட மனைகள் காலியாகக் கிடந்தன. வெளியாட்கள் லாரி லாரியாகக் குப்பையைக் கொண்டுவந்து கொட்டினார்கள். 1984-இல் ரைலி அறக்கட்டளை உதவ முன்வந்தது. அடுத்த ஆண்டு ஊர்க்கூட்டத்தில் நிர்வாகக் குழுத் திட்டத்தை வைத்தபோது, உங்களில் எத்தனை பேர் இங்கே குடியிருக்கிறீர்கள் என்று மக்கள் கேட்டுவிட்டார்கள். மேடையில் பதில் இல்லை. அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, குடியிருப்போருக்குப் பெரும்பான்மை வரும்படி குழுவை மாற்றி அமைத்தார்கள். அறக்கட்டளை கோபித்துக்கொண்டு போகவில்லை, தொடர்ந்து பணம் கொடுத்தது. என்னைக் கேட்டால் அந்தக் கதையின் உயிரே அதுதான்.

1988-இல், காலி மனைகளைக் கட்டாயமாகக் கையகப்படுத்தும் அதிகாரத்தை மாநகரம் அந்தக் குழு நடத்திய மக்கள் அமைப்புக்கே கொடுத்தது. நிலம் வாங்க ஃபோர்டு அறக்கட்டளை 20 லட்சம் டாலர் தந்தது. மானியமாக அல்ல, கடனாக.

கேள்வி: வட்டாரம் சீரானதும் விலை ஏறி, பழைய ஆட்களே வெளியேற வேண்டி வராதா?

வரும், பல இடங்களில் வந்தது. டட்லியில் நிலத்தை ஒரு பொது அறநிலையத்தின் பெயரில் வைத்தார்கள். வீடு உங்களுடையது, அடிமனை அதனுடையது. விற்கும்போது விலைக்கு உச்சவரம்பு உண்டு.

கேள்வி: இந்தக் கூட்டு எங்கே இடறுகிறது?

பொறுமையில். ஹியூலெட் அறக்கட்டளை 1996-இல் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் மூன்று வட்டாரங்களை எடுத்துக்கொண்டது. பத்தாண்டு உழைத்தும் நினைத்த பலன் வரவில்லை. அதை மறைக்காமல் 2007-இல் அறிக்கையாகவே வெளியிட்டது, பெரிய விஷயம். இன்னொரு இடறல் காகிதத்தில். ஆறு பேர் சேர்ந்து பணம் தருவார்கள், ஆனால் ஆளுக்கொரு விண்ணப்பம், ஆளுக்கொரு கெடு. இரண்டே ஊழியர்கள் உள்ள அமைப்பு ஒரே வேலைக்கு ஆறு அறிக்கை எழுதிக்கொண்டிருக்கும். அதைக் கூட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கேள்வி: எங்களுடையது சின்ன அறக்கட்டளை. பெரியவர்களோடு சேர்ந்தால் எதற்குப் பணம் கொடுக்கலாம்?

சம்பளத்துக்குக் கொடுங்கள். புதுக் கட்டடத்தில் பெயர் பொறிக்கப் போட்டியே இருக்கும். வீடு வீடாகப் போய்க் கூட்டத்துக்கு ஆள் திரட்டுகிறவருக்கும், கணக்கு எழுதுகிறவருக்கும் மாதச் சம்பளம் தர யாரும் வரமாட்டார்கள்.