யார் பேசுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கேள்வி: தனியார் மனநல மருத்துவமனை ஒன்றில் வார்டு பொறுப்பு நர்ஸாக இருக்கிறேன். நோயாளி கத்தினாலோ கதவைத் தட்டினாலோ நான்கைந்து பேர் சேர்ந்து பிடித்து, கட்டிலில் கட்டிவிடுகிறார்கள். கேட்டால், "ஆள் பத்தல சிஸ்டர், வேற என்ன செய்ய?" என்கிறார்கள். புதிய ஊழியர்களுக்குப் பயிற்சி தரச் சொல்லியிருக்கிறார்கள். எங்கே தொடங்குவது?
- வாசகி, விருதுநகர்

பதில்: அன்புத் தங்கைக்கு,

மேலிடத்தில் பேச உதவும் என்பதால் சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 97ஆம் பிரிவுப்படி, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான் கட்டலாம். அதற்கும் பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதி வேண்டும். தண்டனையாகக் கட்டக் கூடாது. ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டவும் கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது. சங்கிலிக்கு முழுத் தடை. 2001இல் ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் மாண்டதை நம் மாநிலம் மறக்கக் கூடாது.

சரி, பயிற்சிக்கு வருவோம். வகுப்பில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினால் யாருக்கும் ஒட்டாது. வார்டிலேயே நிற்கவைத்து நடித்துப் பழக்குங்கள். ஒருவர் நோயாளி. மற்றொருவர் மட்டும் பேச வேண்டும்; மீதிப் பேர் தள்ளி நிற்க வேண்டும். நான்கு பேர் நான்கு பக்கமும் அதட்டினால் யாருக்குத்தான் பயம் வராது? பேசுபவர் இரண்டு கை நீளம் விலகி, சற்றுப் பக்கவாட்டில், கைகள் தெரியும்படி நிற்கட்டும். வாசலை மறிக்கக் கூடாது. சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசிவிட்டு, அவர் பதில் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும்.

நடிப்பதற்கு உங்கள் வார்டில் தினமும் நடப்பதையே எடுங்கள். வீட்டுக்கு போன் பேசணும் என்று ஒருவர் கதவைத் தட்டுகிறார். "டைம் முடிஞ்சுபோச்சு, போய்ப் படு" என்றால் அடுத்த நிமிடம் சண்டைதான். "யார்கிட்ட பேசணும்ணே? டாக்டர்கிட்ட கேட்டுட்டுப் பத்து நிமிஷத்துல வந்து சொல்றேன். அதுவரைக்கும் இங்க உட்காருறீங்களா, வராண்டாவுல நடக்குறீங்களா?" என்று கேட்கலாம். டாக்டர் மறுத்தாலும் அந்தப் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தே ஆகவேண்டும். வராமல் போனால், அடுத்த முறை உங்கள் பேச்சு எடுபடாது.

இங்கிலாந்தில் மனநல நர்சிங் பேராசிரியர் லென் பவர்ஸ் குழுவினர் 31 மனநல வார்டுகளில் ஆய்வு செய்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். ஊழியரும் நோயாளியும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வது, வருத்தம் தரும் செய்தி வந்தால் உடனே பக்கத்தில் இருப்பது, கனிவாகப் பேசுவது போன்ற எளிய மாற்றங்களைச் செய்த வார்டுகளில், கட்டுப்படுத்தும் நடவடிக்கைகள் கால்பங்குக்கு மேல் குறைந்தன.

எல்லா நேரமும் பேச்சு மட்டும் போதாது. கையில் ஆயுதம் இருந்தால் பிடிக்க நேரலாம். அப்போதும் குப்புறக் கிடத்தி முதுகில் அழுத்தக் கூடாது, மூச்சு நின்றுவிடலாம். கட்டினால் காரணத்தையும் நேரத்தையும் உடனே குறிப்பில் எழுதி, நோயாளி தன் சார்பில் பேச நியமித்த பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. இரவு டூட்டி அட்டெண்டர்களை விட்டுவிட்டு நர்ஸ்களுக்கு மட்டும் பயிற்சி வைக்காதீர்கள். ஓடிப்போய்ப் பிடிப்பவர்கள் அவர்கள்தான், அடிபடுபவர்களும் அவர்கள்தான். ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். நோயாளி தெளிந்ததும் அவரிடமும், "அப்ப நாங்க என்ன செஞ்சிருந்தா உங்களுக்கு நல்லா இருந்திருக்கும்?" என்று கேட்டு, பதிலை அவருடைய கேஸ் ஷீட்டிலேயே எழுதிவையுங்கள்.